திரளாத துளி

வெள்ளை ஓட்டில் மூன்று சொட்டு.
ஒன்றுக்கு நீல மருந்து, ஒன்றுக்கு மஞ்சள்,
மற்றதற்கு நிறமே இல்லாதது.
குச்சியால் கலக்கி
ஓட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பேன்.
திரைந்த பால்போல மணிமணியாய்த் திரண்டால்
அதற்கொரு பெயர்.
திரளாமல் வழிந்தால் அதற்கும் ஒரு பெயர்.
இருபத்திரண்டு வருடமாக
அக்கரைப்பற்று ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

படிக்கிற காலத்தில் வீட்டாரைக் குத்தித்தான் பழகினேன்.
அப்பா ஏ. அம்மா பி.
பிள்ளைகள் நாலு பேரும் நாலு வகை.
நேசமலர் அக்கா அப்பாவோடு, நான் அம்மாவோடு,
தம்பி புவிதாசன் இரண்டிலும் திரண்டான்.
கிருபைராசா அண்ணன்
நீலத்திலும் இல்லை, மஞ்சளிலும் இல்லை.
"எந்தப் பக்கமும் சேராதவன் எண்டு
ரத்தமே சொல்லுதுகா" என்று சிரித்தான்.
இரண்டு பக்கமும் அடிவாங்கி மிஞ்சியவன்.
சிரிக்கட்டும்.

தம்பிலுவில் கோயிலில் குடி கேட்டால்
நால்வருக்கும் ஒரே பதில்,
அது தாய்வழி வருவது.
ஓட்டில் கேட்டால்தான் நாங்கள் பிரிகிறோம்.

அம்மாவின் ஆட்டைத் திவசத்தன்று
நான்தான் வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை.
ஓ வகைக்காரருக்குச் சீனி வருத்தம்
மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாம்,
பி கொஞ்சம் கூடவாம்,
ஏன் என்று எழுதியவர்களுக்கே முழுசாய்த் தெரியாதாம்,
எல்லா ஆராய்ச்சியும் ஒத்துச் சொல்லவும் இல்லையாம்
என்றேன்.
ஆறு 'ஆம்' போட்டும்
அண்ணன் காதில் விழுந்தது 'குறைவு' மட்டும்.
தயிருக்கு மேல் இன்னொரு தரம் சீனியைக் கொட்டினான்.
"எனக்குக் காவல் உள்ளுக்கயே நிக்குது."
அக்கா பாயாசத்தைத் தள்ளி வைத்தாள்.
மறுநாள் தொடங்கி விடியற்புறத்தில்
திருக்கோவில்வரை நடந்து திரும்புகிறாள்,
நாய்கள்கூட இப்போது அவளுக்குக் குரைப்பதில்லை.
தம்பி கட்டாரில்.
அவனுக்கு யார் சொன்னது.

போன வியாழன் குழாயொன்றில் அண்ணன் பெயர்,
ஒட்டியது என் கைதான்.
வெறும் வயிற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
மெஷினைக் கழுவி மறுபடி ஓட்டினேன்.
முந்நூற்றுப் பத்து.
யாரும் கேட்காமலே வகையையும் பார்த்தேன்.
நீலத்தில் திரளவில்லை.
மஞ்சளில் திரளவில்லை.
அதே அவன்தான்.

வெளியே வாங்கில் இருந்தான்,
இடது கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.
வயல்காரனுக்கு வயலால் சொல்லலாம் என்று பார்த்தேன்:
"உன்ர காணி மேட்டுக் காணிதானே அண்ணன்,
பள்ளத்தைவிட வெள்ளம் குறைவு,
எண்டாலும் குளம் உடைச்ச வருசம்
உனக்கும் கதிர் அழுகினதுதானே."
தலையாட்டினான்.
கனநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டான்:
"அப்ப எனக்கெண்டு இருந்த அந்தக் குறைவு
ஆருக்குகா போனது?"

ஆயிரம் பேருக்கென்று அளந்த குறைவு அது,
ஒரு வீட்டுக் கதவைத் தட்டி
இந்தா உன் பங்கு என்று கொடுக்காது.
இதைச் சொல்லத் தெரிந்தும் சொல்லவில்லை.
என் பி
காலையில் தொண்ணூற்றாறில் நின்றது.
ஏனோ அது எனக்கு வெட்கமாயிருந்தது.

கன்ரீனில் வெறும் தேத்தண்ணி இரண்டு.
பழக்கத்தில் அண்ணன் உள்ளங்கையை நீட்டினான்.
பழக்கத்தில் சுபைதீனும்
ஒரு கரண்டி சீனியை அதில் கொட்டிவிட்டுப் போனான்.
அண்ணன் நக்கவில்லை, உதறவுமில்லை.
வெளிச்சத்துக்குக் கையைத் திருப்பி
இப்படியும்
அப்படியும்
சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.